உடைந்தது கிரில், பறிபோனது ஒரு நாள் கூலி!

"டமால்!"

மாலை 6 மணி. வடபழனி 100 அடி சாலை. ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் கூட்டம். பஸ்சுக்குப் பின்னால் ஆட்டோ. ஆட்டோவுக்குப் பின்னால் கார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ரோட்டின் குறுக்கே ஓடினான். ஆட்டோக்காரர் சட்டென்று பிரேக் போட்டார். பையன் தப்பினான். பின்னால் வந்த கார், ஆட்டோவின் முதுகில் முட்டி நின்றது.

காரின் முகப்பு கிரில்லில் ஒரு பக்கம் பிளந்து தொங்கியது. அவ்வளவுதான். யாருக்கும் காயம் இல்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று அவரவர் வழியே போயிருக்கலாம்.

நடந்தது வேறு.

காரில் இருந்து இறங்கிய ஆசாமி நேராகப் போய் ஆட்டோ சாவியைப் பிடுங்கினார்.

"ஐயாயிரம் எடு. இல்லேன்னா வண்டி நகராது."

"சார், பையன் குறுக்கே ஓடினான், பிரேக் போட்டேன். நீங்கதானே பின்னாடி வந்து இடிச்சீங்க?"

கேட்பார் இல்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். மீதிப் பேர் ஆரன் அடித்தார்கள். கடைசியில் 2 ஆயிரம் ரூபாய் கைமாறியது. அன்றைய வசூல் முழுதும் போச்சு. போதாத குறைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கைமாற்று வேறு.

நாமும் அந்தக் கூட்டத்தில் நின்றோம். வாய் திறக்கவில்லை. அது தப்பு. அந்த உறுத்தல்தான் இன்று இதை எழுத வைக்கிறது.

தப்பு யார் மேல்?

முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றாலும், முட்டாமல் நிறுத்துகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும். இது சாலை விதி. லைசென்சு வாங்குகிறவர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முன்வண்டி ரிவர்சில் வந்து இடித்தாலோ, குறுக்கே வெட்டி நுழைந்தாலோ கதை வேறு. மற்றபடி, ஒரு கார் தன் மூக்கை உடைத்துக்கொண்டு நின்றால், பெரும்பாலும் அதுதான் போய் முட்டியிருக்கிறது என்று அர்த்தம். கிரில் உடைந்தவருக்கு நஷ்டம் இருக்கலாம். அதனாலேயே நியாயம் அவர் பக்கம் வந்துவிடாது!

சண்டை முற்றினால் 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றாலும் போலீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் விவரம் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு. போலீசார் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். சாவியைப் பிடுங்கச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லை. மிரட்டிப் பணம் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவு அதை "மிரட்டிப் பறித்தல்" என்கிற குற்றமாகவே வைத்திருக்கிறது.

புதுப்பேட்டையில் கேட்டது

சரி, அந்தக் கிரில்லைச் சரி செய்ய உண்மையில் என்னதான் ஆகும்? மறுநாள் புதுப்பேட்டைக்குப் போனோம். காலம் காலமாய் டிங்கரிங் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் விவரம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டுக் கூறியதாவது:-

"தம்பி, அம்பாசடர் காலத்துல கிரில்லு தகடு. அடிச்சு நிமித்தி, பாலீஷ் போட்டா முடிஞ்சுது. இப்ப எல்லாம் பிளாஸ்டிக்கு. கிளிப்புல மாட்டி நிக்குது. கிரில்லைப் பாத்து அழாதே. அதுக்குப் பின்னாடி என்ன ஆச்சுன்னு பாரு!"

இதுதான் விஷயம். கிரில் என்பது வெறும் அலங்காரம் இல்லை. என்ஜினுக்குக் காற்று போகிற வாசல் அது. அதற்குப் பின்னால் ஏ.சி. கன்டென்சர். அதற்கும் பின்னால் ரேடியேட்டர். இரண்டிலும் மெல்லிய அலுமினியத் தகடுகள். உடைந்த கிரில் துண்டு குத்தினாலே போதும், ஓட்டை விழும். ரேடியேட்டர் ஒழுகினால் என்ஜின் சூடேறும். அதோடு ஓட்டினால் செலவு ஆயிரத்தில் நிற்காது.

ஆகவே, இடித்த உடனே சட்டையைப் பிடிக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டி இவற்றைப் பாருங்கள்:-

வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா? நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீராக இருக்கும், பயமில்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ, தொட்டால் பிசுபிசுப்பாகவோ இருந்தால் அது கூலன்ட். வண்டியை எடுக்காதீர்கள்.

பானெட் சரியாகப் பூட்டுகிறதா? லாக் வளைந்திருந்தால் ஓடும்போது பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்துவிடும். ஆரன் அடிக்கிறதா, லைட் எரிகிறதா, தொங்குகிற துண்டு எதிலாவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரி என்றாலும் வீடு போகும்வரை வெப்பம் காட்டுகிற முள்ளிலோ விளக்கிலோ ஒரு கண் இருக்கட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். உடைந்த இடம் அசிங்கமாக இருக்கிறதே என்று அட்டையோ துணியோ வைத்து அடைக்காதீர்கள். காற்று போகாமல் என்ஜின் சூடாகும்.

அப்புறம் ரிப்பேர். விரிசல் மட்டும் என்றால், சூடு வைத்து உருக்கி, பின்பக்கம் கம்பி வலை பதித்து ஒட்டிவிடுகிறார்கள். மாட்டுகிற காது உடைந்து போயிருந்தால் வேறு கிரில் மாட்டுவதுதான் நல்லது. ஒட்டு நிற்காது. ஒரே மாடல் காரிலும் வருடத்துக்கு வருடம் கிரில் மாறும். பாக நம்பரைப் பார்த்து வாங்குங்கள். பழைய சாமான் வாங்குவதில் கேவலம் இல்லை. ஆனால் பில் கேளுங்கள். பில்லும் கிடையாது, விலையும் அடிமாட்டு விலை என்றால் கை வைக்காதீர்கள். திருட்டு வண்டியில் கழற்றியது என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவரும் கம்பி எண்ண வேண்டும்.

வடபழனியில் நாம் பார்த்த உடைப்பைச் சொன்னோம். "ஒழுகலேன்னா சில நூறு ரூபாய் வேலை தம்பி" என்றார் பெரியவர். அங்கே கைமாறியதோ 2 ஆயிரம்!

இன்சூரன்ஸ் கணக்கு

"இன்சூரன்சில் போட்டால் போச்சு" என்பார்கள். அதிலும் கணக்குப் பாருங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் சாமான் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். 1500 சி.சி. வரை உள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் நம் தலையில்.

உதாரணம்:- கிரில் 3 ஆயிரம், கூலி 1 ஆயிரம், மொத்தம் 4 ஆயிரம் என்று வையுங்கள். கிரில்லில் பாதி போனால் 1,500. கூலியோடு 2,500. அதில் 1000 கழிந்தால் கைக்கு வருவது 1,500 ரூபாய். இந்த 1,500-க்காகக் கிளெய்ம் போட்டால், அடுத்த வருடம் கிடைக்கவேண்டிய "நோ கிளெய்ம் போனஸ்" போய்விடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து 5 வருடம் கிளெய்ம் போடாதவருக்கு 50 சதவீதம் வரை தருகிற தள்ளுபடி அது. "பம்பர் டு பம்பர்" பாலிசி வைத்திருப்பவருக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். அவர்களும் போனசைக் கணக்குப் பார்த்தே போட வேண்டும்.

சின்ன உடைப்புக்குக் கைக்காசு, பெரிய சேதத்துக்கு இன்சூரன்ஸ். இரண்டுக்கும் நடுவில் ஆட்டோக்காரரின் பாக்கெட் எங்கே வந்தது?

இரும்புக் கம்பி வேண்டாம்

கிரில் ஒருமுறை உடைந்ததும் சிலருக்கு ரோஷம் வரும். முன்னால் பெரிய இரும்புக் கம்பியை மாட்டிக்கொண்டு, "இனி எவன் இடிச்சாலும் அவனுக்குத்தான் சேதம்" என்பார்கள். இந்தக் கம்பிகளைக் கழற்ற நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. காரணம் இருக்கிறது. பம்பரும் கிரில்லும் நசுங்குவதற்கென்றே செய்தவை. அடியை அவை வாங்கிக்கொண்டால் மனிதன் மேல் விழும் அடி குறையும். இரும்புக் கம்பி அடியை அப்படியே உள்ளே கடத்தும். ஏர்பேக் விரிகிற நேரத்தையும் கெடுக்கலாம். எதிரில் நடந்து வருகிறவர் கதியைச் சொல்லவே வேண்டாம். அன்று ஓடிய பையன் அப்படி ஒரு கம்பிக்கு முன்னால் சிக்கியிருந்தால்?

காரில் போகிற அன்பர்களே! அந்த ஆட்டோக்காரர் பிரேக் போடாமல் இருந்திருந்தால் உங்கள் கிரில் உடைந்திருக்காது. ஒரு தாயின் வயிறு எரிந்திருக்கும். அவருக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கினோம்.

மாலை நேரத்தில் நெரிசலான சாலைகளில் இப்படிச் சாவி பிடுங்குகிற ஆசாமிகள் மேல் போலீசார் ஒரு கண் வைக்க வேண்டும். வேடிக்கை பார்க்கிற நாமும் அடுத்த தடவை ஆரன் அடிப்பதை நிறுத்திவிட்டு, "சார், பின்னாடி வந்து இடிச்சது நீங்கதான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கிரில்லை ஒட்டிவிடலாம். போன கூலியை யார் ஒட்டுவது?