அலமாரியில் உறங்கும் நுண்ணோக்கி

ஆண்டுதோறும் மழைக்காலம் வந்ததும், மேற்குத் தில்லியின் ஜனக்புரி போன்ற பகுதிகளில் கொசு ஒழிப்பு ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஏர்கூலர்களையும் மாடித் தண்ணீர்த் தொட்டிகளையும் திறந்து பார்க்கின்றனர். தேங்கிய நீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவுமாறு கூறுகின்றனர். கேட்போர் தலையசைக்கின்றனர், ஊழியர் படியிறங்கியதும் பலர் மறந்துவிடுகின்றனர். மற்றொரு புறம், நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நுண்ணோக்கி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. செய்முறைத் தேர்வன்று மட்டுமே வெளியே வருகிறது. இவ்விரு குறைகளையும் சேர்த்தே தீர்க்கலாம் என்பது என் கருத்து.

நுண்ணோக்கி என்றதும், அது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்றே பலரும் கேட்கின்றனர். பூதக்கண்ணாடி என்னும் பழைய பெயரும் இவ்வெண்ணத்தையே வளர்த்தது. உண்மையில் கருவியின் மதிப்பு, நெருங்கியுள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றலில் இருக்கிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் இவ்வாற்றலுக்கு எல்லை உண்டு. ஒளியின் அலைநீளமே அதற்குக் காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அப்பே 1873ஆம் ஆண்டில் விளக்கினார். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 5,000இல் ஒரு பங்கு அவ்வெல்லை. அதற்கப்பால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

மலேரியாக் கிருமி இவ்வெல்லைக்குள் அடங்குவது. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் அக்கிருமி வளர்வதைக் கண்டார். அவருடைய நுண்ணோக்கியின் திருகாணிகள் வியர்வையால் துருவேறியிருந்தன. எஞ்சிய ஒரே கண்வில்லையும் விரிசல் கண்டிருந்தது. இன்றும் இரத்தப் பூச்சுக்குச் சாயமேற்றி 1,000 மடங்கு பெருக்கிப் பார்ப்பது மலேரியாவை உறுதிசெய்யும் முதன்மையான முறைகளுள் ஒன்று. நம் நாட்டில் அதற்குப் பயன்பட்டுவரும் ஜே.எஸ்.பி. சாயம், ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி ஆகிய இந்திய அறிஞர்கள் 1944இல் உருவாக்கியதாகும்.

டெங்குவின் நிலை வேறு. 1996இல் தில்லியில் பரவிய டெங்குவால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வைரஸின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் 20,000இல் ஒரு பங்கு. ஒளி நுண்ணோக்கியில் அது தெரியாது. ஒளிக்கு மாற்றாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நுண்ணோக்கி வேண்டும். அதன் முதல் மாதிரியை நோல், ரஸ்கா ஆகிய இருவரும் 1931இல் பெர்லினில் அமைத்தனர். அத்தகைய கருவி பள்ளிகளுக்கு எட்டாதது. ஆகவே டெங்குத் தடுப்பில் எளிய கருவிக்கு வேலையில்லை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து பொருந்தாது.

கிருமியைக் காண இயலாவிடினும், அதைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவின் புழுவைக் காண இயலும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையே போதும். அனாபிலிஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும். ஏடிஸ் புழுவோ, வால்புறத்துக் குட்டையான சுவாசக் குழலை நீர்ப்பரப்பில் பொருத்தித் தலைகீழாகத் தொங்கும். தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டிப் படிந்திருக்கும் கரிய முட்டைகளையும் காட்டலாம். அவை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர்பட்டதும் பொரிக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று ஊழியர் வற்புறுத்துவது இதனாலேயே. முட்டையைக் கண்ட மாணவனுக்கு இதை இருமுறை சொல்ல வேண்டியதில்லை. கொசுப்புழுவைக் காட்டுவது புதிய வழியுமன்று. இராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலிலேயே அதன் உருவம் வரையப்பட்டிருக்கிறது.

கருவி பழுதாகிவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சலாம். அது நியாயமான அச்சமே. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ஆனால் இப்பணிக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட, காகிதத்தை மடித்துச் செய்யும் 'ஃபோல்ட்ஸ்கோப்' போன்ற மலிவான கருவிகளும் இன்று உள்ளன. மேலும், பயன்பட்டுத் தேய்வதை விடப் பூட்டப்பட்டுப் பூஞ்சை பிடிப்பதே வில்லைக்குப் பெரிய கேடு. நியாயமான தேய்மானத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்காதிருக்க மேலதிகாரிகளும் முன்வர வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. ஊழியர் தாம் சேகரித்த புழுக்களை மூடிய கண்ணாடிக் குப்பியில் அருகிலுள்ள பள்ளிக்கு அளிக்கட்டும். ஆசிரியர் ஒரு பாடவேளையில் அவற்றைக் காட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றி அழித்துவிடட்டும். வெப்பம் மிகுந்த நாட்களில் முட்டை பொரித்துக் கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆதலின் வாரம் ஒரு முறை வீட்டுத் தொட்டியைத் தேய்க்கும் பொறுப்பை மாணவரே ஏற்கட்டும். அடுத்த மழைக்கு முன் அலமாரியின் சாவியைத் தேடி எடுப்போமாக.