சாவியை வாங்க இரண்டு பேராகப் போங்கோ

புதுப் படகு டெலிவரி எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் பூசையைப் பற்றித்தான். டிரெய்லர் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்கலாமோ, எஞ்சினில் சந்தனம் பூசினால் வாரண்டிக்கு ஏதும் ஆகுமோ? வையுங்கோ, பூசுங்கோ. ஒண்டும் ஆகாது. நான் திருப்பிக் கேட்கிறது வேறு: டீலரிடம் ஆர் ஆர் போறியள்?

பதில் அநேகமாக ஒன்றுதான். அப்பாவும் மூத்த மகனும். அம்மா வீட்டில் நின்று, படகு வந்ததும் ஆரத்தி எடுப்பா. அதுதான் எனக்குப் பிடிக்காத இடம்.

டீலர் சாவி தருகிற அன்று சொல்லித் தருகிற விஷயங்கள் கையேட்டில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கையேட்டை ஆர் வாசிக்கப் போகினம்? அன்றைக்கு நின்று பார்த்தவருக்குத்தான் எல்லாம் தெரியும். பங் எனப்படும் அடித்தக்கை எங்கே இருக்கிறது, எஞ்சினை எப்படி நிறுத்துவது, ரேடியோவில் எந்த பட்டனை அமத்திக் கதைப்பது. சரி, அந்த ஒருவரே தண்ணீரில் விழுந்தால்?

இது பயமுறுத்தலுக்குச் சொல்வது அல்ல. சின்ன அலுமினியப் படகில் அவுட்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தவர் தவறி விழுந்தால், படகு நேரே போய்விடாது. பெரும்பாலும் ஒரு பக்கமாக இழுபட்டு வட்டமடித்து, விழுந்தவரை நோக்கியே திரும்பி வரும். பின்னால் சுழல்கிறது புரொப்பெல்லர். அதற்காகத்தான் ஓட்டுகிறவரின் காலிலோ இடுப்பிலோ கொழுவுகிற சிவப்புக் கயிறு, கில் ஸ்விட்ச் கயிறு. அதைக் கொழுவாமல் ஸ்டியரிங்கில் சும்மா தொங்கவிடுகிற ஆக்கள்தான் கூட. விழுந்தவரோடு கயிறும் இழுபட்டு எஞ்சின் நின்றுவிட்டது என்று வைப்போம். இப்போது படகில் மிச்சம் இருப்பது நீந்தத் தெரியாத மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு மாமி. கயிற்றைத் திரும்பக் கொழுவாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது என்று அவர்களில் ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

ஆகவே டெலிவரிக்கு இரண்டு பெரியவர்களாகப் போங்கோ. ஒருவர் செய்து பார்த்த ஒவ்வொன்றையும் மற்றவரும் தன் கையால் செய்து பார்க்கட்டும். விற்பனையாளர் அவசரப்பட்டால் படட்டும், காசு உங்கட காசு.

படகின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிற பில்டர்ஸ் பிளேட்டைப் படம் எடுத்து ஃபோனில் வையுங்கோ. எத்தனை பேர், எத்தனை கிலோ, எஞ்சின் எவ்வளவு பலம் வரை என்று அதில் இருக்கும். எங்கட ஆக்களுக்கு இது முக்கியம். படகு வாங்கினதும் மச்சான் குடும்பம், சித்தப்பா குடும்பம், கறிச்சட்டி, எஸ்கி என்று எல்லாம் ஏறும். பிளேட்டில் 5 என்றால் 5தான். ஆறாவது ஆளிடம் “இல்லை” என்று சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தப் படத்தைக் காட்டுங்கோ. 5 பேர் ஏறினாலும், எல்லோரும் ஒரு பக்கமாக எழும்பிப் படம் பிடிக்கக் கூடாது.

பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட்டைப் படகு வருவதற்கு முதலே வாங்குங்கோ. “வளரும்தானே” என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரியில்லை. தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கோ. அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது. கால்களுக்கு இடையில் வருகிற பட்டியும் இருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 4.8 மீட்டருக்குக் குறைந்த படகில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எந்நேரமும் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளை போடவேண்டுமென்றால் அப்பாவும் போடவேண்டும், அதைச் சட்டம் சொல்லத் தேவையில்லை.

லைசென்ஸ் விஷயத்தில் இரண்டு மாநிலங்களும் வேறு வேறு. நியூ சவுத் வேல்ஸில் 10 நொட் அல்லது அதற்கு மேல் ஓட்டத்தான் லைசென்ஸ் வேண்டும். விக்டோரியாவில் எஞ்சின் படகு என்றாலே வேண்டும், மெதுவாகப் போனாலும் சரி. எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் எடுத்துவிடுவது நல்லது என்பேன்.

இனி, வீட்டில் இருக்கிற அப்பா அம்மாவைப் பற்றி. “தாத்தா படகில் ஏறமாட்டாராம், தண்ணிக்குப் பயம்” என்று பிள்ளைகள் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது தண்ணீர்ப் பயம் என்று எப்படித் தெரியும்? 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர ஆனையிறவுப் பாதை இல்லாத காலத்தில், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளங்களில் கடந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர். வெளிச்சம் இல்லை, அங்கி இல்லை, கடற்படை எந்த நேரமும் வரலாம். சிலருக்கு அவுட்போர்ட் சத்தமே போதும், அந்த இரவு திரும்பி வந்துவிடும். நெடுந்தீவுப் பக்கத்து ஆக்களுக்கு 1985 மே 15, குமுதினிப் படகு. பிறகு 2009 ஒக்டோபரில் 78 பேர் ஓஷியானிக் விக்கிங் கப்பலில் இருந்து இறங்கமாட்டோம் என்று நின்ற செய்தியை இங்கே டிவியில் பார்த்தவர்கள் உங்கட பெற்றோர்தான். அந்தக் கிழமைகளில் “போட்” என்ற சொல் இந்த நாட்டில் எப்படி உச்சரிக்கப்பட்டது என்று அவர்களுக்கு மறக்காது.

ஏறச் சொல்லி வற்புறுத்தாதேயுங்கோ. பகலில், நிறுத்தி வைத்திருக்கிற படகில், எஞ்சின் ஓடாமல், ஒரு தேத்தண்ணியோடு இருக்க விரும்புகினமோ என்று கேட்டுப் பாருங்கோ. கதை வந்தால் பிள்ளைகள் கேட்கட்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கோ.

முதல் ஓட்டத்துக்குச் சனிக்கிழமை ராம்ப் வேண்டாம், கூட்டம் பதறவைக்கும். கிழமை நாள் காலை, ஜோர்ஜஸ் ரிவர் போன்ற அமைதியான தண்ணீர். டிரெய்லரை இறக்குவதற்கு முதல் இரண்டு பேரும் பங்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், “போட்டாச்சு” என்று வாயால் சொன்னால் போதாது. புது எஞ்சினை முதல் 10 மணி நேரமும் கையேடு சொல்கிறபடிதான் பழக்க வேண்டும், முழு வேகத்தில் இழுக்காதேயுங்கோ. மெரைன் ரெஸ்கியூவுக்கு விஎச்எஃப் 16இலோ அவர்களின் ஆப்பிலோ லொக் ஒன் செய்து, திரும்பி வருகிற நேரத்தைச் சொல்லுங்கோ. சொன்ன நேரத்துக்கு லொக் ஓஃப் செய்யாவிட்டால் அவர்கள் தேடத் தொடங்குவார்கள். அதனால் கரையேறினதும் படகைக் கழுவுவதற்கு முதல் லொக் ஓஃப்.

போகும்போது ஒருவர் ஓட்டட்டும். திரும்பி வரும்போது, ராம்ப் வரைக்கும், மற்றவர்.