எச்சரிக்கை முன்பக்கத்தில் வேண்டும்

பள்ளி விடும் நேரத்தில் வாசலை ஒட்டிய பெட்டிக்கடைக்குப் போய்ப் பார்க்கலாம். சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பிள்ளைகள் எம்பிப் பிய்த்துக்கொண்டு போகிறார்கள். முன்பக்கத்தில் பளிச்சென்று படம். உப்பும் கொழுப்பும் எவ்வளவு என்ற கணக்கோ பின்பக்க மடிப்போரம் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில்.

உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்பது 2020-இல் வந்த விதி. டேப் வைத்து அளக்க யார் வருகிறார்கள்?

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்றது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு. அரசுகள் கைகட்டி நிற்கவில்லை. தமிழகத்தில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சூடான உப்புமாவும் பொங்கலும் கிடைக்கின்றன. 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் தின்பண்டங்களின் சர்க்கரை அளவைக் காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லி 2025 மே மாதம் உத்தரவு வந்தது.

எல்லாம் நல்லவையே. ஆனால், புத்திமதி முழுவதும் தின்பவருக்குத்தான்; விற்பவர் பக்கம் அரசின் கை நீளவில்லை. பள்ளியில் சர்க்கரைப் பலகை மாட்டிய அதே ஆண்டு செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. குளிர்பானத்துக்கு 40 சதவீதம் என்கிறார்கள். முன்பும் வரியும் கூடுதல் வரியும் சேர்ந்து அதே 40தான். சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. பிரிட்டனில் 2018 முதல் சர்க்கரை அளவைப் பொறுத்தே வரி; அதற்குப் பயந்து பல நிறுவனங்கள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைத்தன.

சிலி 2016-இல் இன்னும் துணிந்தது. பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை. பள்ளிக்குள் விற்பனை இல்லை. ஒன்றரை ஆண்டில் எச்சரிக்கைக்கு உரிய பானங்களை மக்கள் வாங்குவது ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது.

நமது உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் முன்வைத்த வரைவோ நட்சத்திரம் கொடுக்கச் சொன்னது. கொஞ்சம் நார்ச்சத்தோ புரதமோ இருந்தால் சர்க்கரைப் பண்டத்துக்கும் நட்சத்திரம் கூடும் கணக்கு அது. முன்பக்க முத்திரை பற்றி முடிவெடுக்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு கொடுத்தது. ஜூலையில் அதுவும் நீட்டிக்கப்பட்டது.

ஏழை வீட்டுப் பிள்ளையின் தின்பண்டத்தில் கை வைக்கலாமா, பெட்டிக்கடைக்காரர் பிழைப்பு என்னாவது என்று கேட்பார்கள். வேகவைத்த கடலையும் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்றுப் பிழைத்த வாசல்கள்தான் இவை. அந்த வியாபாரத்துக்குச் சிறுகடன் கொடுத்து உதவலாம்.

மத்திய அரசு நட்சத்திரத்தைக் கைவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் எச்சரிக்கைக் குறியைக் கட்டாயமாக்க வேண்டும். பானங்களுக்கான வரியைச் சர்க்கரை அளவோடு இணைக்க வேண்டும். மாநில அரசு 50 மீட்டர் விதியை அமல்படுத்த உணவுப் பாதுகாப்பு அலுவலர்களை அனுப்பட்டும். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்துக்கும் தடை போடட்டும். இவை எதற்கும் புதுத் திட்டமோ திறப்பு விழாவோ தேவையில்லை.