ஊரைவிட்டுப் போய்ச் செய்யும் இரண்டு கல்யாணங்கள்

நான் கல்யாணப் படம் எடுப்பவன். பதினோரு ஆண்டுகளாக இந்த கேமராதான் எனக்குச் சோறு போடுகிறது. இருநூறு கல்யாணங்களுக்கு மேல் எடுத்துவிட்டேன். என் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்ப்பவர்கள் தமிழ்நாடே காதலர்களால் நிரம்பி வழிகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நெற்றியில் முத்தம், மழையில் ஒரே குடை, கடற்கரையில் கைகோர்த்து ஓட்டம். எல்லாப் படங்களுக்கும் கீழே "ஒரு காதல் கதை" என்று நானே எழுதியிருக்கிறேன்.

பொய். அவற்றில் பெரும்பாலானவை சொந்தச் சாதிக்குள் ஜாதகமும் சொத்தும் பார்த்து முடித்த சம்பந்தங்கள். மேட்ரிமோனி தளத்தில் சாதியை டிக் செய்த பிறகுதான் அங்கே முகமே தெரியத் தொடங்குகிறது. ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்கு வரும்போது பல ஜோடிகள் அப்போதுதான் இரண்டாவது முறையாகச் சந்திக்கிறார்கள். கையை எங்கே வைப்பது, எப்படிச் சிரிப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுடைய கூச்சத்தை நான் கேலி செய்யவில்லை. அதற்குக் காதல் என்று பெயர் வைத்து விற்ற என்னைத்தான் சொல்கிறேன்.

உண்மையான காதல் கல்யாணங்களும் எடுத்திருக்கிறேன். சாதியை மறுத்து நடந்தவை ஒன்பது. அதில் ஏழு கல்யாணங்களின் படங்கள் கடவுச்சொல் போட்ட ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. வந்தால் அந்த இணையரைத் தேடிக்கொண்டு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு கல்யாணங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டுமே ஊரைவிட்டு வெளியே போய் நடந்தவை.

முதலாவது, இப்போது எல்லோரும் ஆசைப்படும் டெஸ்டினேஷன் வெட்டிங். கொங்குப் பகுதியில் வசதியான குடும்பம். மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் பெங்களூரில் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டை மூன்று நாளைக்கு மொத்தமாக எடுத்திருந்தார்கள். அலங்காரம் "கிராமத்து தீம்". வைக்கோல் போர், மாட்டுவண்டி, திண்ணை வைத்த ஓட்டு வீடு, பனையோலைத் தோரணம் என்று ஒரு கிராமத்தையே செட் போட்டிருந்தார்கள். அந்தச் செட்டில் ஊர் இருந்தது. சேரி இல்லை. பறை மட்டும் இருந்தது. அடிக்க வந்த பையன்கள் வாசலோடு நின்றார்கள். விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு.

நான் அருந்ததியர். என் தாத்தா தப்படித்தவர். இப்படிப்பட்ட குடும்பங்களின் கல்யாணத்தில் அவரும் வாசலோடுதான் நின்றார். நான் கேமராவோடு மேடை வரை வந்துவிட்டேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை பெண்ணின் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி எந்த ஊருங்க?"

"பெருந்துறைப் பக்கமுங்க."

"பக்கம்னா? ஊருக்குள்ளீங்களா, காலனிங்களா?"

சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்று எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. சுற்றி இருந்த எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். ஒருவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கொங்கு மரியாதையில் ஒரு "ங்க" கூடக் குறையவில்லை.

அன்று மாலை அதே மணமக்கள் கடலைப் பார்த்து நிற்க, சூரியன் இறங்க, நான் படம் எடுத்தேன். நல்ல படம்தான். கீழே "எல்லைகளற்ற காதல்" என்று போட்டேன். பணத்தையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கிடையாது. முந்தின நாள் இரவு பதினோரு மணிக்கு ஒரு தோழர் போன் செய்தார். "காலைல கேமரா எடுத்துட்டு வர முடியுமா? எங்கன்னு வந்ததும் சொல்றேன்." வேறொரு மாவட்டத்தில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகம். இரண்டு மாலை, ஒரு மஞ்சள் கயிறு, சாட்சிக்கு நான்கு பேர். பெண் முந்தின நாள் கல்லூரிக்குப் போட்டுப் போன சுடிதாரிலேயே இருந்தார். பையன் என்னைப் போல் காலனிக்காரன். எல்லாம் முடியக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தப் பெண் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டார். "அண்ணா, ரெண்டு பேர் முகமும் தாலியும் தெளிவா தெரியணும். ஸ்டேஷன்ல காட்டணும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஜன்னல் தெரியாம எடுங்கண்ணா" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கடையின் பெயர்ப் பலகை இருந்தது. அதை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

வெளிச்சம் வரும் திசை பார்த்து ஜோடியை நிறுத்துவது என் தொழில். அன்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, வெறும் சுவரை வைத்துப் படம் எடுத்தேன். பதினோரு ஆண்டுகளில் நான் எடுத்த ஒரே தேவையான கல்யாணப் படம் அதுதான்.

அந்தக் கால் மணி நேரக் கல்யாணம் செல்லும். 1967இல் அண்ணாவின் ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்தார்கள். புரோகிதர் வேண்டாம், தீ வளர்க்க வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு சிலரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஊரறிய நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதமும் வேறு என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அதை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். ஓடிவந்தவர்களின் விவரத்தைத் துரத்தி வருகிறவர்கள் படிக்கட்டும் என்று அரசே சுவரில் ஒட்டுகிறது.

உடுமலை சங்கர்–கௌசல்யாவின் கல்யாணப் படம் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே அவர்களை வெட்டிய சிசிடிவி பதிவு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கிலும் திருச்செங்கோடு கோயிலின் கேமரா பதிவு முக்கிய ஆதாரங்களில் ஒன்றானது. சாதி மறுத்துப் பழகுகிற இணையரை இந்தச் சமூகம் படம் பிடித்து வைத்திருப்பது கண்காணிப்பு கேமராவில்தான். ட்ரோன் கேமராவும் ஸ்லோமோஷனும் சாதிக்குள் கட்டிக்கொள்பவர்களுக்கு.

பணம் உள்ளவன் ஊரைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்தால் டெஸ்டினேஷன். சாதியை மீறியவள் ஊரைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்தால் "ஓடிப்போனவள்". முதல் கல்யாணத்தில் சாதியும் லக்கேஜோடு ரிசார்ட் வரை கூடவே வருகிறது. இரண்டாவதில் சாதி அரிவாளோடு பின்னால் துரத்தி வருகிறது.

"பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணத்தில் அன்பே இருக்காதா?" என்று கேட்பீர்கள். இருக்கும். என் அப்பா அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். நான் அன்பின் அளவைப் பற்றிப் பேசவில்லை. யாரை அன்பு செய்யலாம் என்ற பட்டியலைச் சாதி முதலிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறது, அதை மறைக்க என்னைப் போன்றவனின் கேமரா தேவைப்படுகிறது என்கிறேன். சாதியை உடைக்க உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்று அம்பேத்கர் 1936இலேயே சாதி ஒழிப்பு நூலில் எழுதிவிட்டார். அந்த நூலின் அட்டையை ஸ்டேட்டஸாக வைக்கிற நண்பர்கள் சிலர் என்னிடமே கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள். பெண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "அம்மாதான் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணாங்க ப்ரோ, ஃபில்டர் அவங்க போட்டது" என்கிறார்கள். அம்மா போட்ட ஃபில்டரை எடுத்துவிட ஒரு விரல் போதும். அந்த விரலை மகன்தான் அசைக்க வேண்டும்.

என்னளவில் இரண்டு முடிவு எடுத்திருக்கிறேன். சாதிக்குள் நடக்கும் கல்யாணத்தின் படத்துக்கு இனி "காதல் கதை" என்று எழுதமாட்டேன். பெயரும் தேதியும் போதும். சாதி மறுப்புக் கல்யாணத்துக்கு எந்த ஊர் என்றாலும் காசு வாங்காமல் வருவேன், ஜன்னல் தெரியாமல் எடுத்துத் தருவேன். இதனால் பெரிதாக எதுவும் மாறிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம், மாவட்டந்தோறும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லம், 30 நாள் அறிவிப்பை நீக்குவது எல்லாம் போராடித்தான் பெற வேண்டியவை.

ஆனால் ஃபில்டரை எடுக்க எந்தச் சட்டமும் தேவையில்லை தோழர்களே. அடுத்து நீங்கள் கல்யாணப் படம் எடுக்க என்னிடம் வந்தால், எந்த பேக்கேஜ் என்று கேட்பதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்பேன். பெரியப்பா என்னிடம் கேட்டதைப் போல மரியாதையாகவே கேட்பேன்: அந்த ஃபில்டர் யார் போட்டதுங்க?