விடுதிக்கு எதற்குக் கட்டுரை என்று கேட்பவர்களுக்கு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லோவெல் ஹவுஸுக்கு விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை உண்டு. மாணவர்கள் தங்கும் விடுதிதான் அது. அதன் கோபுரத்தில் மாஸ்கோ மடாலயம் ஒன்றின் மணிகள் பல பத்தாண்டுகள் தொங்கின; 2008-இல் திரும்பிப் போயின. அந்த மணிகளுக்கும் வரலாறு இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதிக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றால் மட்டும், "ஹாஸ்டலுக்கெல்லாம் எதற்குங்க?" என்கிறார்கள், நம் முற்போக்கு நண்பர்கள் உட்பட.

எதற்கு என்று சொல்கிறேன். 1913-இல் நியூயார்க் போன அம்பேத்கருக்கு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் ஹாலில் அறை கிடைத்தது. 1917-இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தபோது, அத்தனை படித்தவருக்கு ஊரில் தங்க இடமில்லை. பார்சி சத்திரத்தில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். 11-ஆம் நாள் தடிகளோடு வந்த கும்பல் வெளியேற்றியது. பிறகு அவருடைய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை முதலில் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று, 1925-இல் சோலாப்பூரில் திறந்த மாணவர் விடுதி. கல்லூரியில் இடம் கொடுத்தாலும் ஊரில் வீடு கொடுக்காத நாட்டில், நம் கல்வி வரலாற்றின் பாதி விடுதியின் வரலாறுதான்.

எம்.சி. ராஜா யார்? 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை விட்டு 'ஆதிதிராவிடர்' என்று அரசு எழுத வேண்டுமென 1922-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். அவர் பெயரிலான விடுதிக்கு வெளியூர்ப் பிள்ளைகள் ஏன் வருகிறார்கள்? சென்னையில் வாடகைக்கு அறை கேட்டால், பெயருக்கு அடுத்த கேள்வி என்னவென்று நமக்குத் தெரியும்.

எல்லா விடுதிக்கும் கட்டுரை கேட்கவில்லை. சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பு, நம்பகமான இடத்தில், விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் நன்கொடை கொடுத்தவர் பெயர் போட்ட கட்டடத்துக்கெல்லாம் கட்டுரை வந்துவிடும். ஆனால் அந்த மூன்றாம் தரப்பு யார்? பத்திரிகையும் பல்கலைக்கழகமும் பதிப்பகமும். அவர்கள் நம் விடுதி வாசலுக்கு எப்போது வந்தார்கள்? நல்ல சோறும் கழிவறையும் கேட்டு மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தபோது வந்தார்கள். "போக்குவரத்து பாதிப்பு" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ரோகித் வெமுலாவும் நான்கு தோழர்களும் ஐதராபாத் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கூடாரம் போட்டு, அதற்கு ஊருக்கு வெளியே உள்ள சேரியைக் குறிக்கும் 'வெலிவாடா' என்ற பெயரையே வைத்துப் பனியில் படுத்துக் கிடந்தார்கள். நாடு திரும்பிப் பார்த்தது 2016 ஜனவரி 17-க்குப் பிறகு. அங்கே மணி போதுமானதாக இருந்தது. இங்கே பிணம் வேண்டியிருக்கிறது.

நம்மவர்களையும் கேட்க வேண்டும். அரசு விடுதிகளில் படித்து வழக்கறிஞராகவும் பேராசிரியராகவும் ஆனவர்களில் எத்தனை பேர் அந்த நாட்களைப் பற்றி நாலு பக்கம் எழுதினீர்கள்? அலுவலகத்தில் தெரிந்துவிடும் என்ற அச்சம் புரிகிறது. கோபமில்லை, வருத்தம்தான். 2025-இல் அரசு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டியாயிற்று. பலகை மாறிவிட்டது, உள்ளே நடந்தது எழுதப்படாமலே கிடக்கிறது.

விதியில் நமக்குச் சாதகமானதும் ஒன்று உண்டு. ஆதாரம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை, இணையத்தில் கிடைக்க வேண்டியதும் இல்லை. நூலகத்தில் இருக்கும் பழைய தமிழ் நாளிதழ் செல்லும். ஆய்வேடு செல்லும். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை மட்டும் வைத்து வாதாட முடியாது. அது அரசு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது.

ஆகவே, சைதாப்பேட்டையில் தங்கியிருந்த தோழர்களே, முதலில் இதைக் குறித்துக் கொடுங்கள்: எந்த ஆண்டு இருந்தீர்கள், ஓர் அறையில் எத்தனை பேர், மறியல் எந்தத் தேதியில், மறுநாள் எந்தப் பத்திரிகையில் எத்தனையாம் பக்கத்தில் வந்தது.