மருத்துவச்சி எங்கே?

கத்தி படாமலும் பிள்ளை பிறக்கும் என்று சொன்னால் வியந்து பார்க்கின்ற ஒரு தலைமுறை நம் கண்முன்னே வளர்ந்து நிற்கின்றது. மகப்பேறு என்பது நோயன்று. ஆயினும் நோயாளிக்குரிய கட்டிலில்தான் இன்று தமிழச்சி தாயாகின்றாள்.

2019-21 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற நாட்டளாவிய குடும்பநல ஆய்வைப் புரட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. மகிழ்ச்சியே. தாய்ச்சாவும் குழவிச்சாவும் குறைந்தமைக்கு அரசு மருத்துவமனைகளும் ஊர்ப்புறச் செவிலியரும் ஆற்றிய தொண்டை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியையும் படித்தல் வேண்டும். நூற்றுக்கு 44.9 பேறுகள் வயிற்றைக் கிழித்தே நடந்துள்ளன. அரசு மனைகளில் 36. தனியார் மனைகளிலோ 63.8! இந்தியா முழுமைக்கும் இஃது 21.5தான். அதற்கு முந்தைய 2015-16 ஆய்விலே தமிழ்நாட்டின் அளவு 34.1. ஐந்தாண்டுக்குள் தமிழ்ப்பெண்ணின் இடுப்பெலும்பு சுருங்கிப் போயிற்றா? அறுவைப்பேறு நூற்றுக்குப் பத்தைக் கடந்து பெருகுவதனால் ஒரு நாட்டில் தாய்ச்சாவோ குழவிச்சாவோ மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வெளிப்படையாகவே அறிவித்தது. கேட்பார் யார்?

வேண்டிய விடத்து அறுவை உயிர்காப்பது. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. வேண்டாத விடத்தும் கத்தி எடுப்பதற்குக் கரணியங்கள் உள. இரவெல்லாம் விழித்திருந்து பேற்றுவலியைப் பார்ப்பதைவிட முக்கால் மணியில் கிழித்துத் தைத்து முடிப்பது எளிது, வருவாயும் மிகுதி. இவற்றோடு நம்மவர் மடமை வேறு! நாளும் கோளும் பார்த்து, இன்ன நாழிகையில் பிள்ளையை எடுத்துத் தருக என்று மருத்துவரிடம் ஓலை நீட்டுகின்ற படித்த பேதையரை என்னென்பது? பகுத்தறிவு பேசும் வீடுகளிலேயே இது நடக்கின்றது.

இதற்கு மாற்று, தாயின் பக்கத்திலேயே இருந்து, பொறுத்திருந்து, கைப்பக்குவத்தால் பேறு பார்க்கும் மருத்துவச்சி. அவளுக்கு நம் குமுகாயம் செய்த கைம்மாறு யாது? ஊர்தோறும் பேறு பார்த்தவர் பெரும்பாலும் முடிதிருத்தும் குடியிற் பிறந்த பெண்டிர். நள்ளிரவிலும் அழைத்த வீட்டுக்கு ஓடினர். பிறந்த பிள்ளையை முதன்முதலில் ஏந்திய கை அவர்கள் கை. அந்தக் கையை மறுநாள் முற்றத்திலேயே நிறுத்தி, சில படி நெல்லும் ஒரு பழஞ்சேலையும் போட்டனுப்பியது சாதி. அவளுக்குக் கல்வி தரவில்லை. தூய்மை முறை கற்பிக்கவில்லை. பிறகு, அவள் அறியாதவள் என்று அவளையே பழித்துத் தொழிலையும் ஒழித்தாயிற்று. நடுவணரசோ அவளைத் ‘தாயி’ என்னும் வடநாட்டுச் சொல்லால் தன் ஏடுகளில் எழுதிக்கொண்டது. மருத்துவச்சி என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் என் மாணவர் ‘பெண் டாக்டர்’ என்கின்றனர்! பொருள் போனபின் சொல் மட்டும் எப்படி நிற்கும்?

இங்கிலாந்து வேறு வழி சென்றது. 1902இலேயே சட்டம் இயற்றி, மருத்துவச்சிக்குப் பயிற்சியும் பதிவும் உரிமமும் தந்து, தனித்தொழிலாக அதனை உயர்த்திற்று. நெதர்லாந்தில் இன்றும் இடரற்ற சூலினளைத் தொடக்கமுதல் பார்ப்பவள் தனித்தியங்கும் மருத்துவச்சியே. இடர் தோன்றினால்தான் மருத்துவரிடம் அனுப்புவாள். 2011இல் இங்கிலாந்தில் வெளிவந்த பேற்றிட ஆய்வு, இடர்க்குறி இல்லாத அறுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பேறுகளை ஒப்பிட்டது. முன்பே பிள்ளை பெற்றவர்க்கு, மருத்துவச்சி துணையோடு வீட்டில் பெறுவதால் குழவிக்குக் கூடுதல் இடர் காணப்படவில்லை, அறுவையும் குறைந்தது. தலைப்பேற்றிலோ வீட்டில் இடர் சற்றே மிகுதி. வீட்டில் தொடங்கிய தலைப்பேற்றினருள் நூற்றுக்கு 45 பேர் இடையிலோ பேற்றுக்குப் பின்னரோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். இந்தப் பிற்பாதியை மறைத்துவிட்டு முற்பாதியை மட்டும் பேசுவோர் நம்மிடையேயும் தோன்றிவிட்டனர்.

‘இயற்கை’ என்னும் பெயரால் கடைவிரித்திருக்கும் அவர்களையும் கண்டிக்காமல் விடுவதற்கில்லை. 2018இல் திருப்பூரில் என்ன நடந்தது? வலையொளிப் படங்களைப் பார்த்து, பயின்றார் எவருமின்றி, வீட்டிலேயே பேறு பார்க்கப் போய், ஓர் இளந்தாய் குருதி வடிந்து மாண்டாள். கணவனும் நண்பரும் மருத்துவச்சி ஆகிவிட முடியுமா? பேற்றுக்குப் பின் குருதி பெருகினால், மருத்துவம் கிட்டாதவளை இரண்டு மணி நேரத்துக்குள் அது கொன்றுவிடும். தமிழ்நாட்டுச் சூலினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குருதிச்சோகை உடையவர். அவர்க்கு அந்த இரண்டு மணியும் மிச்சமில்லை. பாட்டி பத்துப் பிள்ளை பெறவில்லையா என்று கேட்பவர், அவற்றுள் எத்தனை பிழைத்தன என்பதையும் பாட்டியையே கேட்கட்டும்.

ஆகவே நாம் கேட்பது கைவிடப்பட்ட பழமையை அன்று, கற்றறிந்த மருத்துவச்சியை. நடுவணரசு 2018இல் மருத்துவச்சிப் பணிக்கு நெறிமுறை வகுத்து, செவிலியர்க்குப் பதினெட்டுத் திங்கட் பயிற்சி தந்து, மருத்துவமனைக்குள்ளேயே அவர் பொறுப்பில் பேற்றுப் பிரிவுகள் அமைக்க வழி சொன்னது. 2023இல் செவிலியர், மருத்துவச்சியர் கல்விக்கும் தொழிலுக்கும் தனி ஆணையச் சட்டமும் வந்தது. தாள் நிறைந்துவிட்டது, ஊர் நிறையவில்லை. தனித்துத் தொழில் செய்யும் பயின்ற மருத்துவச்சியரை இன்றும் தேடித்தான் காணவேண்டியுள்ளது. மாவட்டந்தோறும் பயிற்சியும், மருத்துவமனையோடு பிணைந்த தனித்தொழில் உரிமமும் தருக என்று அரசை நெருக்குவது நம் கடமை.

அதுவரை, மருத்துவச்சியை நாடும் நம் மகளிர் கண்ணை மூடிக்கொண்டு நாடுதல் கூடாது. முன்பு அறுவை செய்துகொண்டவள், இரட்டை சுமப்பவள், குழவி தலைமாறிக் கிடப்பவள், குருதியழுத்தமோ நீரிழிவோ சோகையோ உடையவள், திங்கள் நிறையுமுன் வலிகண்டவள் ஆகிய இவர்க்கு வீட்டுப்பேறு ஆகாது, மருத்துவமனைக்கே செல்லுக. மற்றவர், வருகின்றவளின் முகமலர்ச்சியைப் பார்த்து மயங்காமல், அவள் எங்குப் பயின்றாள், எந்தப் பதிவேட்டில் அவள் பெயர் உள்ளது, இதுவரை எத்தனை பேறு தன் பொறுப்பில் பார்த்தாள் என்று கேளுங்கள். கருப்பையைச் சுருக்கிக் குருதியை நிறுத்தும் ஊசிமருந்து அவள் பையில் உண்டா? மூச்சுவிடாத குழவிக்கு மூச்சூட்டும் பையும் அதனைக் கையாளும் பழக்கமும் உண்டா? துணைக்கு இரண்டாமவள் வருவாளா? அறுவை அரங்கும் குருதி வங்கியும் உள்ள மருத்துவமனை எத்தனை மணித்துளித் தொலைவில் உள்ளது, அங்குள்ள மருத்துவர் அவளை அறிவாரா? சூலுற்ற நாள்முதல் உங்கள் குறிப்பேட்டைப் பார்த்து வருகின்றாளா, அல்லது வலி கண்டபின் வந்து நிற்கும் விருந்தினளா?

இவற்றுக்கெல்லாம் நேர்விடை தந்தவளிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: “எந்நிலையில் என்னை மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள், அம்மா?” இன்னின்ன நிலையில் என்று அடுக்கிச் சொல்பவளை வீட்டுக்குள் அழைத்து அமரச்செய்யுங்கள். “அப்படியொரு நிலையே வாராது” என்பவளை வாயிலிலேயே வழியனுப்பிவிடுங்கள்.