399 ரூபாய் குர்தி, கடைசி ஸ்க்ரீன்ல எவ்வளவு?

சிவகாசியில தீபாவளி போனஸ் வந்த கையோட 399 ரூபாய் குர்தியை கார்ட்ல போடுறீங்க. கடைசி ஸ்க்ரீன்ல டெலிவரி, கேஷ் ஆன் டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் ஃபீஸ்னு பில் ஏறுது. இதுதான் 'ட்ரிப் பிரைசிங்'. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்த 13 'டார்க் பேட்டர்ன்'களில் இதுவும் ஒன்று. கட்டணம் கேட்பது தப்பில்லை, மறைச்சு வெச்சு கடைசியில காட்டுறதுதான் தப்பு. நம்ம ஊர் லாரி ஆபீஸ்ல பார்சல் போட்டா, கூலி யார் தரணும்னு புக்கிங் அப்பவே ரசீதுல 'டு பே'ன்னு எழுதிடுறாங்களே!

இன்னொண்ணு, 'ஃப்ரீ டெலிவரி'க்காக வேண்டாத லெகிங்ஸையும் சேர்க்காதீங்க. 49 ரூபாய் கட்டுறதே மிச்சம். சைஸ் சேரலைன்னா டெலிவரி காசு திரும்புமான்னு ரிட்டர்ன் பாலிசியில முதல்லயே பாருங்க. முதல் விலை, கடைசி பில் ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு, 1915-க்கு அடிங்க.